காலும் அரைக்காலும்



இரண்டு பொருள்களில் எது பெரிது என்று கேட்பதே கணக்கின் தொடக்கம். குழந்தை எண்ணக் கற்பதற்கு முன்பே, அண்ணனுக்குக் கிடைத்த பண்டம் பெரியதா, தனக்குக் கிடைத்தது பெரியதா என்று ஒப்பிடக் கற்றுவிடுகிறது. முழுப் பொருள்களாக இருக்கும் வரையில் இந்த ஒப்பீட்டில் இடர் ஒன்றும் இல்லை. ஏழு மாம்பழம் ஐந்து மாம்பழத்தினும் மிகுதி என்பதைச் சொல்ல ஆசிரியர் வேண்டியதில்லை. ஆனால் ஒரு பழத்தை அரிந்து துண்டுகளாக்கி, இத்துண்டு பெரிதா அத்துண்டு பெரிதா என்று எண்களால் கேட்கும்போது, வளர்ந்தவர்களும் தடுமாறுகிறார்கள்.

தென்காசி வட்டாரத்தில் பல்லாண்டுகள் ஆசிரியப் பணி புரிந்தவன் நான். ஆண்டுதோறும் புதிதாக வரும் வகுப்பில் ஒரு வினாவைக் கேட்பது என் வழக்கம். நான்கில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா? பாதி வகுப்பு எட்டில் ஒன்றே பெரிது என்று கை உயர்த்தும். எட்டு நான்கினும் பெரிது அல்லவா என்பது அவர்கள் வாதம். இதனைச் சிறுவர் பிழை என்று தள்ளிவிடுதல் ஆகாது. 1980-களில் அமெரிக்க நாட்டில் ஏ அண்ட் டபிள்யூ என்னும் உணவக நிறுவனம், மூன்றில் ஒரு பவுண்டு இறைச்சி வைத்த ரொட்டியை, போட்டியாளர் விற்ற கால் பவுண்டு ரொட்டியின் விலைக்கே விற்க முன்வந்தது. வாங்குவார் இல்லை. காரணம் கேட்டறிந்தபோது, மூன்று நான்கினும் சிறிது ஆதலின் தமக்குக் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று வாடிக்கையாளருள் பெரும்பாலோர் எண்ணியது தெரியவந்தது என்று அந்நிறுவனத்தின் உரிமையாளராக இருந்த ஆல்பிரட் டாப்மன் தம் நூலில் எழுதியிருக்கிறார்.

இனி, அதே வகுப்பில் அதே வினாவை வேறு சொற்களில் கேட்டுப் பாருங்கள். கால் பெரிதா, அரைக்கால் பெரிதா? ஒரு பிள்ளையும் தவறாது. காலில் அரை அரைக்கால். ஆகவே அது காலினும் சிறிது. விடை வினாவுக்குள்ளேயே இருக்கிறது. இந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு சென்றால், நம் முன்னோர் பின்னங்களை ஒப்பிடுவதற்கு எத்துணைச் செம்மையான ஒழுங்கை அமைத்திருந்தார்கள் என்பதைக் காணலாம். அதனைக் காட்டுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நம் பழைய கணக்கில் வழங்கிய பின்னங்களுள் அடிப்படையானது முந்திரி. ஒன்றை 320 சம பங்காக்கினால் அதில் ஒரு பங்கு முந்திரியாகும். இரண்டு முந்திரி சேர்ந்தால் அரைக்காணி. இரண்டு அரைக்காணி ஒரு காணி. இரண்டு காணி அரைமா. இரண்டு அரைமா ஒரு மா. இரண்டு மா இருமா. இரண்டு இருமா நாலுமா. இப்படியே இரட்டித்துக்கொண்டு ஏறினால் 1, 2, 4, 8, 16, 32, 64 என்று முந்திரிகளின் எண்ணிக்கை வரும். மா என்பது இருபதில் ஒன்று. இருமா பத்தில் ஒன்று. நாலுமா ஐந்தில் ஒன்று. இஃது ஓர் ஏணி.

மற்றோர் ஏணியும் உண்டு. அது மாகாணியில் தொடங்குகிறது. வீசம் என்று வழங்குவதும் அதுவே. பதினாறில் ஒன்றாகிய மாகாணி 20 முந்திரி கொண்டது. இரண்டு மாகாணி அரைக்கால், அதாவது 40 முந்திரி. இரண்டு அரைக்கால் ஒரு கால், 80 முந்திரி. இரண்டு கால் அரை, 160. இரண்டு அரை சேர்ந்தால் முழு ஒன்று, 320.

இவ்விரண்டு ஏணிகளையும் இணைக்கும் பாலம் எது? மாகாணி என்னும் சொல்லையே பிரித்துப் பாருங்கள். மா, காணி. மாவில் 16 முந்திரி, காணியில் 4 முந்திரி, கூட்டினால் 20. பதினாறில் ஒன்று இருபதில் ஒன்றைக் காட்டிலும் எவ்வளவு மிகுதி என்று இன்றைய மாணவரைக் கேட்டால் தாளும் எழுதுகோலும் தேடுவர். ஒரு காணி மிகுதி என்று அச்சொல்லே விடை கூறி நிற்கிறது. பெயரே வாய்பாடாக அமைந்தது வியக்கத்தக்கது.

320 என்னும் எண்ணைத் தேர்ந்த காரணமும் இப்போது விளங்கும். பாதி, பாதியில் பாதி என்று பகுக்கும் வழக்கமும், ஐந்து, பத்து, இருபது என்று பகுக்கும் வழக்கமும் ஒரே கணக்கில் அடங்க வேண்டுமானால், 16, 20 ஆகிய இரண்டினாலும் மீதியின்றி வகுபடும் எண் வேண்டும். அத்தகைய எண்களுள் மிகச் சிறியது 80. அந்த எண்பதில் ஒன்றே காணி. காணியை மேலும் நான்காகப் பகுத்தால் முந்திரி. பள்ளியில் மீச்சிறு பொது மடங்கு என்று நாம் கற்பிக்கும் கருத்தின் பயன், கடைத்தெருவிலும் களத்துமேட்டிலும் வழங்கிய பெயர்களுக்குள் பொதிந்து கிடந்தது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளிவாக்குவோம். 3/8, 7/20 இவற்றுள் எது பெரிது? இன்றைய முறைப்படி, மூன்றை இருபதாலும் ஏழை எட்டாலும் குறுக்கே பெருக்குகிறோம். 60, 56 என்று வருகின்றன; ஆகவே 3/8 பெரிது. விடை சரியே. ஆனால் எவ்வளவு பெரிது என்பதோ, ஏன் பெரிது என்பதோ அப்பெருக்கலில் மாணவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பழைய முறையில் 3/8 என்பது காலே அரைக்கால். 7/20 என்பது காலே இருமா. இரண்டிலும் கால் பொது, அதனை ஒதுக்கிவிடலாம். எஞ்சி நிற்பவை அரைக்காலும் இருமாவும். முன்னது 40 முந்திரி, பின்னது 32 முந்திரி. ஆகவே 3/8 பெரிது. மிகுதி 8 முந்திரி, அதாவது அரைமா. பெரியது எது என்பதோடு, எவ்வளவு பெரியது என்பதும் ஒருங்கே கிடைத்துவிட்டது.

முழு எண்ணும் பின்னமும் கலந்த கலப்புப் பின்னங்களுக்கும் இதுவே நெறி. 11/4, 13/5 என்று எழுதினால் இவற்றின் அளவு எளிதில் மனத்தில் படியாது. தமிழ் பேசுவோர் எவரும் நான்கில் பதினொன்று என்று சொல்வதில்லை. இரண்டே முக்கால் என்றே சொல்வர். 13/5 இரண்டரையே இருமா. முதலில் முழு எண்ணைப் பாருங்கள், இரண்டும் இரண்டே. அடுத்து அரையைப் பாருங்கள். முக்காலுக்குள்ளும் ஓர் அரை உண்டு, மற்றதிலும் ஓர் அரை உண்டு. எஞ்சுவன காலும் இருமாவும். 80 முந்திரியும் 32 முந்திரியும் ஒன்றற்கொன்று எதிர்நிற்க, ஐயத்திற்கு இடம் ஏது? முழு எண்களே வேறுபட்டால் பின்னத்தைப் பார்க்கவும் வேண்டியதில்லை. ஒன்றே முக்காலினும் இரண்டே மா பெரிது. முக்காலின் பெருமை அங்கே உதவாது.

இலக்கணம் பயிலும் மாணவருக்கு இது புதுமை அன்று. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று படிக்கிறோம். மகரக் குறுக்கத்திற்குக் கால் மாத்திரை. ஐகாரக் குறுக்கம் மொழிக்கு முதலில் ஒன்றரை மாத்திரை. இடையிலும் கடையிலும் ஒரு மாத்திரை. கால், அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று இவற்றை வரிசைப்படுத்தும் மாணவர், தாம் அறியாமலே பின்னங்களையும் கலப்புப் பின்னத்தையும் ஒப்பிட்டுவிடுகிறார். எல்லா ஒலியையும் மாத்திரை என்னும் ஒரே அளவால் அளந்தமையால் அவ்வொப்பீடு எளிதாயிற்று.

ஒப்பீட்டுக்கு அடிப்படையான இரண்டு விதிகளை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். அவற்றுள் ஒன்றைக் குற்றாலத்தில் கண்ணாரக் காணலாம். சாரற் காலத்தில் ஐந்தருவிக்குச் செல்வோர், ஒரே ஓடை பாறை முகட்டில் ஐந்து கிளையாகப் பிரிந்து விழுவதைப் பார்த்திருப்பர். ஐந்து கிளைகள் இருப்பதனால் ஒவ்வொன்றும் ஐந்தில் ஒன்று, அதாவது நாலுமா என்று சொல்லலாமா? கூடாது. ஒரு கிளை பருத்தும் மற்றொன்று மெலிந்தும் விழுகின்றன. பங்குகள் சமமாக இருந்தால் மட்டுமே ஐந்தில் ஒன்று என்னும் பெயர் பொருந்தும். இது முதல் விதி.

இரண்டாம் விதி, ஒப்பிடப்படும் பின்னங்கள் ஒரே முழுமையின் பகுதிகளாக இருக்க வேண்டும் என்பது. அரை காலினும் பெரிது. ஆயினும் கால் மரக்கால் நெல்லும் அரைப்படி நெல்லும் முன்னே இருந்தால் எதனைக் கொள்வீர்கள்? எட்டுப் படி ஒரு மரக்கால். ஆதலின் கால் மரக்கால் இரண்டு படியாகும். பின்னத்தை மட்டும் கேட்டு முழுமையைக் கேளாதவர் ஏமாறுவர்.

இவ்வேமாற்றம் வெறும் கற்பனை அன்று. சிற்றாறு பாயும் எங்கள் பகுதியின் நஞ்சை நிலங்களில் கூலியாக நெல்லே அளக்கப்பட்ட காலத்தைப் பற்றி என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். படியில் பாதி உரி. உரியில் பாதி உழக்கு. உழக்கில் பாதி ஆழாக்கு. அளந்து போடுபவர் உழக்கு என்று சொல்லி ஆழாக்கைக் கவிழ்த்தால், அந்த வேறுபாடு அரைக்கால் படி. பெரிய களஞ்சியம் உடையவருக்கு அஃது ஒரு பொருட்டில்லை. அன்றைய கூலியை அன்றே உலையில் இடும் குடும்பத்திற்கோ, அந்த அரைக்கால் படி ஒரு குழந்தையின் சோறு. பின்னங்களை ஒப்பிடத் தெரிந்தவர் கேள்வி கேட்டார். தெரியாதவர் கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு நடந்தார். கணக்கறிவு நியாயத்தோடு தொடர்புடையது என்று நான் நம்புவதற்கு இச்செய்தி ஒரு காரணம்.

இப்பின்னங்கள் எத்துணைப் பழமையானவை என்பதற்குக் கல்வெட்டுகள் சான்று. சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் நில அளவுகள் வேலி, மா, காணி, முந்திரிகை என்னும் சொற்களாலேயே குறிக்கப்படுகின்றன. இருபது மா கொண்டது ஒரு வேலி. ஆகவே மா என்பது பின்னத்தின் பெயராகவும் நிலத்தின் அளவாகவும் ஒருங்கே வழங்கிற்று. முந்திரியினும் சிறிய அளவு வேண்டியபோது, அம்முந்திரியையே மீண்டும் 320 பங்காக்கி, அதனைக் கீழ்முந்திரி என்றனர். அது முழுமையில் 1,02,400-இல் ஒரு பங்கு. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஒரு வேலியில் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு வரை நிலம் கணக்கிடப்பட்டுள்ளது. இப்பேரெண் எங்கிருந்து வந்தது என்று திகைக்க வேண்டாம். 320-ஐ நான்கு முறை தன்னோடு வைத்துப் பெருக்கி, அதனை ஐந்தால் பெருக்கினால் இவ்வெண்ணே வரும். முந்திரி ஏணியில் நான்கு படி இறங்கி, அங்கே ஒரு நாலுமா. பிற்கால வழக்கின்படி வேலி என்பது ஆறரை ஏக்கருக்குச் சற்று மிகுந்தது. அந்நிலத்தில் இப்பங்கு ஒரு கடுகின் முகத்தினும் சிறியது. அவ்வளவு நிலத்தில் யாரும் உழப்போவதில்லை. எனினும் பல நிலங்களின் கணக்கைக் கூட்டும்போது வரும் மிச்சத்தைக் கைவிடாமல் எழுதிவைத்த நேர்மையை அது காட்டுகிறது. இம்மியும் பிசகாமல் என்று நாம் இன்றும் சொல்கிறோம். இம்மி என்பதும் அப்பழங்கணக்கின் சிற்றளவுகளுள் ஒன்றே.

இக்கணக்கைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவை திண்ணைப் பள்ளிகள். எண்சுவடி அங்கே பாடநூல். மாணவர் மணலில் விரலால் எழுதி, பின் ஓலையில் எழுத்தாணியால் எழுதி, காலையும் மாலையும் வாய்பாடு ஒப்பித்தனர். காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் போன்ற நூல்கள் நிலம், பொன், நெல் முதலியவற்றின் கணக்குகளை மேலும் விரித்துரைத்தன. சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பின்படி, அம்மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. பெருமைப்படத்தக்க எண்தான். ஆனால் அப்பள்ளிகளில் பெண் குழந்தைகள் மிகச் சிலரே. களத்தில் நெல்லைத் தலையில் சுமந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அத்திண்ணையில் இடமில்லை. ஆழாக்கையும் உழக்கையும் ஒப்பிட வேண்டிய தேவை யாருக்கு மிகுதியோ, அவர்களே அக்கல்விக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். முன்னோரின் கூர்மதியைப் போற்றும்போது இக்குறையையும் மறைக்காமல் சொல்வதே வரலாற்றுக்கு அழகு.

அம்முறைக்கு உள்ளேயும் ஓர் எல்லை இருந்தது. 320 மூன்றால் வகுபடாது. மூன்றில் ஒன்றை முந்திரியில் சொல்லப் புகுந்தால் 106 முந்திரி போக மிச்சம் நிற்கும். அம்மிச்சத்தைக் கீழ்முந்திரியில் சொல்லப் புகுந்தால் அங்கும் மிச்சம் நிற்கும். தசம முறையில் 0.333 என்று முடிவின்றி நீளுவதைப் போன்றதே இதுவும். ஒவ்வொரு மக்களும் தத்தம் தொழிலுக்கு ஏற்ற எண்ணைத் தேர்ந்தனர். பாபிலோனியர் 60-ஐக் கொண்டனர். நாம் மணியை 60 நிமிடமாகப் பகுப்பது அவர்கள் கொடை. உரோமர் 12-ஐக் கொண்டனர். தென்காசியில் 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலைக் காணுங்கள். அத்தகைய கோயில்களை எழுப்பும் கலையை உரைக்கும் சிற்ப நூல்கள் முழத்தை 24 அங்குலமாகவும், அங்குலத்தை எட்டு யவையாகவும் பகுக்கின்றன. 24-இல் பாதியும் உண்டு, காலும் உண்டு, மூன்றில் ஒன்றும் உண்டு. கல்லை மூன்றாகப் பகுக்க வேண்டியவருக்கு அந்த எண் உகந்தது. நெல்லையும் நிலத்தையும் பகுத்தவருக்கு 320 உகந்தது.

எப்பின்னத்திற்கும் பொருந்தும் பொது முறையும் இந்நாட்டிற்குப் புதிதன்று. 9-ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த மகாவீரர் தம் கணிதசாரசங்கிரகத்தில், பின்னங்களின் பகுதிகளுக்கு மீச்சிறு பொது மடங்கு கண்டு அவற்றை ஓரினமாக்கும் வழியைக் கூறியிருக்கிறார். நிருத்தம் என்பது அவர் அதற்கு இட்ட பெயர். முந்திரிக் கணக்கில் பொது அளவு முன்னரே முடிவு செய்யப்பட்டுவிட்டது. மகாவீரர் வழியில் ஒவ்வொரு கணக்கிற்கும் உரிய பொது அளவை நாமே தேடிக் காண்கிறோம். அடிப்படைக் கருத்து இரண்டிலும் ஒன்றே: வேறு வேறு அளவுள்ள துண்டுகளை ஒப்பிட வேண்டுமானால், இரண்டையும் அளக்கும் ஒரு சிறிய பொது அளவு வேண்டும்.

பழைய பெயர்கள் வழக்கிலிருந்து எப்படி மறைந்தன? ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த வரையில், ஓர் அணா என்பது ரூபாயில் வீசமாகவே நின்றது. இரண்டணா அரைக்கால் ரூபாய். நாலணா கால் ரூபாய். 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய் நூறு நயா பைசாவாகப் பகுக்கப்பட்டது. கால் ரூபாய்க்கு 25 என்று சரியாக வந்தது. அரைக்கால் ரூபாய்க்குப் பன்னிரண்டரை, வீசத்திற்கு ஆறே கால் என்று பின்னத்துக்குள் பின்னம் புகுந்தது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் அளவைகள் வந்து, படியும் மரக்காலும் ஒதுங்கின. 2011 ஜூன் 30-ஆம் நாளுடன் 25 காசு நாணயமும் செல்லாததாயிற்று. காலும் அரையும் முக்காலும் நாவில் தங்கின. மா, காணி, முந்திரி ஆகியவை அகராதிக்குள் சென்றன. எனினும் ஓர் ஆறுதல் உண்டு. கணிப்பொறிகளுக்குரிய உலகப் பொது எழுத்துத் தொகுப்பாகிய யூனிகோடில், தமிழ்ப் பின்னக் குறியீடுகள் 2019-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. ஓலையில் கீறப்பட்ட முந்திரியின் குறியை இன்று கணிப்பொறித் திரையிலும் எழுதலாம்.

பழைய அளவைகளுக்கே திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தசம முறை எளிது. உலகம் முழுவதும் பொது. பொதுப் பகுதி காணும் முறையோ எந்தப் பின்னத்திற்கும் உதவுவது. அனைத்திற்கும் மேலாக, இன்று அதனைக் கற்கும் வகுப்பறையில் ஆணும் பெண்ணும், எக்குடிப் பிறந்தோரும் ஒருங்கே அமர்கிறார்கள். திண்ணைப் பள்ளி தராத செல்வம் அது. ஆயினும் கற்கும் முறையில் முன்னோரிடமிருந்து ஒன்றைக் கொள்ளலாம். 3/8 என்று எழுதியவுடன் குறுக்கே பெருக்க விரையாதீர்கள். அது அரைக்கு மேலா, கீழா? காலுக்கு மேல் எவ்வளவு? இரண்டிலும் பொதுவாக உள்ளது எது? பொதுவை நீக்கினால் எஞ்சுவது எது? இவ்வினாக்களை மனத்தில் கேட்ட பின் பெருக்குங்கள். அப்போது விடை கைக்கு வருமுன் கருத்துக்கு வரும்.

சம்பளச் சீட்டில் பிடித்தம், வங்கிக் கடனில் வட்டி, கடையில் தள்ளுபடி, வரவுசெலவுத் திட்டத்தில் கல்விக்கு ஒதுக்கிய பங்கு என்று பின்னங்கள் இன்றும் நம்மைச் சூழ்ந்தே நிற்கின்றன. எதன் பங்கு, எத்தனையில் பங்கு, மற்றவர் பங்கோடு ஒப்பிட எவ்வளவு என்று கேட்கத் தெரிந்தவரை எளிதில் ஏய்க்க முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவும் திறமும் உங்கள் ஒவ்வொருவருக்கும் வாய்க்க வேண்டும் என்பதே, கணக்குக் கற்பித்துக் காலம் கழித்த இந்த ஆசிரியனின் விருப்பம்.